மரத்தின் மூச்சை அளந்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி இது: "எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டேன். மாறிவரும் காலநிலையில் மரங்கள் எப்படிச் சுவாசிக்கின்றன என்பது பற்றி பிஎச்.டி. செய்ய இடம் கிடைத்திருக்கிறது. மரம் மூச்சு விடுவதை அளந்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்தத் துறையில் என்னதான் செய்வார்கள்?"

சேர்ந்துவிடுங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலைகளின் இரவுச் சுவாசத்தை அளப்பதிலேயே என் வாழ்க்கையில் பல வருடங்கள் போயிருக்கின்றன. அவற்றில் ஒரு வருடம்கூட வீண் என்று எனக்குத் தோன்றியதில்லை. காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன். வீட்டில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

"பகலில் மரம் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடும், இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும்" என்று பள்ளியில் படித்தது பலருக்கு அப்படியே மனதில் தங்கிவிட்டது. இதில் பாதிதான் சரி. மரம் இருபத்துநான்கு மணி நேரமும் சுவாசிக்கிறது. இலை, கிளை, அடிமரம், வேர்நுனி என்று உயிருள்ள செல் இருக்கும் இடமெல்லாம் சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுக்கிறது, கரியமில வாயுவை விடுகிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிடப் பல மடங்கு வேகமாக நடப்பதால் இந்த மூச்சு வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இரவில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 சதுர மீட்டர் இலைப்பரப்பு உள்ள ஒரு மரம், சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.5 மைக்ரோமோல் வீதம் சுவாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஏறக்குறைய 16 கிராம் கரியமில வாயு வரும். தூங்கும் ஒரு மனிதர் மணிக்கு 20 கிராம் அளவுக்கு விடுகிறார். திறந்த வெளியில், காற்று நடமாடும் இடத்தில், அந்த மரம் யாரையும் மூச்சுத்திணற வைக்காது. ஆனால் ஒரு மரத்தை விட்டுவிட்டு உலகத்து மரம், செடி, கொடி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறாகிவிடும்.

நிலத்தாவரங்கள் ஒளிச்சேர்க்கை மூலம் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனைக் காற்றிலிருந்து எடுக்கின்றன. அதில் ஏறத்தாழ பாதியை, அதாவது 6,000 கோடி டன்னை, தங்கள் சொந்தச் சுவாசத்திலேயே திருப்பி விட்டுவிடுகின்றன. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எல்லாம் எரித்து மனிதர்கள் ஆண்டுக்கு வெளியேற்றும் கார்பன் சுமார் 1,000 கோடி டன். மனிதர்களின் புகையைப் போல ஆறு மடங்கு, தாவரங்களின் மூச்சு. இத்தனை காலம் இது கவலை தராததற்குக் காரணம், எடுப்பதும், மண் நுண்ணுயிர்கள் விடும் மூச்சையும் சேர்த்துத் திருப்பி விடுவதும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன என்பதுதான். வெப்பம் கூடும்போது செலவுப் பக்கம் மட்டும் சில சதவீதம் ஏறினாலும், அது பல நாடுகளின் மொத்தப் புகைக்குச் சமமாகிவிடும். காடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வரவைத்தான் பேசுகிறார்கள்: எவ்வளவு நட்டோம், எவ்வளவு உறிஞ்சியது என்று. செலவுக் கணக்கை எழுத ஆள் குறைவு. உங்களுக்குக் கிடைத்திருப்பது அந்த வேலை.

செலவில் இரண்டு வகை. ஒன்று கட்டும் செலவு: புது இலை, புது வேர், புது மரக்கட்டை உருவாக்குவதற்கானது. மற்றது பராமரிப்புச் செலவு: சிதையும் புரதங்களைத் திரும்பச் செய்வது, செல் சவ்வுகளைக் காப்பது, சர்க்கரையை இடம் மாற்றுவது. வளராமல் சும்மா நிற்கும் மரத்துக்கும் இரண்டாவது செலவு உண்டு. வெப்பத்துக்கு வேகமாக ஏறுவதும் அதுதான். (சுவாசத்தைக் கையால் தொட்டு உணர வேண்டுமானால் தாமரைப் பூவைப் பார்க்கலாம். வெளியே 10 டிகிரி குளிர் இருக்கும்போதும் பூவின் உட்பகுதி 30 டிகிரிக்கு மேல் சூடாக இருந்ததை அடிலெய்ட் தாவரவியல் பூங்காவில் அளந்திருக்கிறார்கள். அந்தச் சூடு முழுக்கச் சுவாசத்தில் வந்தது.)

இனி உங்கள் ஆய்வின் மையத்துக்கு வருகிறேன். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சுவாசம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பழைய பாடம். இலையை ஒரு சிறு கலத்துக்குள் வைத்து அரை மணி நேரம் சூடாக்கினால் உண்மையில் அப்படித்தான் நடக்கும். எதிர்காலக் காலநிலையைக் கணிக்கும் பல கணினி மாதிரிகள் இந்த விதியை அப்படியே எடுத்து நூறு வருடத்துக்கு நீட்டின. ஆனால் மரம் அரை மணி நேரத்தில் வாழ்வதில்லை. சில நாட்கள், சில வாரங்கள் அதே சூட்டில் இருந்தால் மரம் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. செல்லுக்குள் சர்க்கரையை எரிக்கும் இழைமணிகளும் நொதிகளும் புதிய வெப்பத்துக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. சித்திரை வெயிலில் முதல் வாரம் தவித்து, பிறகு உடம்பு பழகிவிடுவதுபோல என்று சொல்லலாம். இந்தப் பழக்கம் எந்த அளவுக்கு நடக்கும் என்பதில்தான் துறையின் பெரிய கேள்வி இருக்கிறது.

இதைத் திறந்தவெளியில் பெரிய அளவில் சோதித்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்காரர்கள். பீட்டர் ரைக் தலைமையிலான குழு அகச்சிவப்பு விளக்குகளாலும் மண்ணுக்குள் புதைத்த வெப்பக் கம்பிகளாலும் காட்டுக்குள்ளேயே 10 இன மரக்கன்றுகளைச் சுற்றுப்புறத்தைவிட 3.4 டிகிரி சூடாக வருடக்கணக்கில் வளர்த்தது. பழைய பாடத்தின்படி இலைச் சுவாசம் 23 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். ஏறியது 5 சதவீதம்தான். 2016-இல் நேச்சர் இதழில் வந்த முடிவு இது.

அப்படியானால் கவலை தீர்ந்ததா என்றால், இல்லை. மினசோட்டா மரம் ஒரே வருடத்தில் பனியையும் கோடையையும் பார்ப்பது. வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும் வெப்பமண்டல மரத்துக்கு அதே நெளிவு சுளிவு இருக்குமா? மார்ட்டைன் ஸ்லாட் என்ற ஆய்வாளர் பனாமாவில் இதைத் தேடிப் போனார். காட்டுக்கு மேலே நிற்கும் கோபுரக் கிரேனில் ஏறி, உச்சிக் கிளை இலைகளை இரவில் மட்டும் சராசரியாக 3 டிகிரி சூடாக்கினார், ஒரு வாரம். மூன்று மர இனங்கள், இரண்டு கொடி இனங்கள். இலைகள் பழகிக்கொண்டன, ஆனால் முழுமையாக அல்ல. கூடுதல் சூட்டின் ஒரு பகுதி செலவாகத் தங்கிவிட்டது. ஐந்து இனம், ஒரு வாரம், ஒரே ஒரு காடு என்று இதைச் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். கேள்வி கூர்மையாக இருந்ததால் 2014-இல் வந்த அந்தக் கட்டுரையை இன்றும் எடுத்துப் பேசுகிறோம். உங்கள் ஆய்வையும் இந்த அளவில்தான் திட்டமிட வேண்டும்.

இனி அளப்பது. இரவு பத்து மணி, காட்டு முகாம், தலையில் டார்ச். கையில் பள்ளிப்பை அளவுக்கு ஒரு கருவி. அதில் இலையைக் கவ்வும் தாடை போன்ற ஒரு கலம். அதற்குள் இரண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் இலை மட்டும் அடங்கும். ஒரு பக்கம் காற்றை உள்ளே அனுப்பி, மறுபக்கம் வெளியே வரும் காற்றில் கரியமில வாயு எவ்வளவு கூடியிருக்கிறது என்று அகச்சிவப்புக் கதிரால் கருவி பார்க்கும். அந்த ஆறு சதுர சென்டிமீட்டர் இலை தரும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? பத்து லட்சத்தில் 420 பங்கு இருந்த வாயு 421 ஆகும். ஒரு பங்கு, ஒன்றேகால் பங்கு. நம் வாயிலிருந்து வரும் மூச்சிலோ அது பத்து லட்சத்தில் 40,000 பங்கு. கருவியின் பக்கம் திரும்பி ஒரு பெருமூச்சு விட்டால் போதும், அந்த அளவு கெட்டுவிடும். நாங்கள் கலத்தை மூடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வோம். காற்று எடுக்கும் குழாயை நீளமாக்கி ஆள் நடமாட்டமில்லாத பக்கம் உயரத்தில் கட்டுவோம். இலையை அளப்பதற்கு முன் அரை மணி நேரமாவது இருட்டில் வைப்போம்.

இன்னொரு தொல்லை நடுநரம்பு. தடித்த நரம்புள்ள இலையைக் கலம் கவ்வும்போது நரம்பின் இரண்டு பக்கமும் முடியளவு இடைவெளி விழும். அதன் வழியாக வாயு கசியும். என் முதல் வருடத்தில் பன்னிரண்டு இரவுகள் எடுத்த அளவுகளை இதனால் தூக்கிப் போட வேண்டி வந்தது. எண்கள் பார்க்க அழகாக, நம்பும்படியாகத்தான் இருந்தன. தப்பான எண் தப்பான எண்ணாகத் தெரிவதில்லை, இந்த வேலையின் ஆபத்தே அதுதான்.

இது என் ஒருவன் கதை மட்டும் அல்ல. காற்றில் கரியமில வாயு கூடினால் இலையின் சுவாசம் உடனடியாகக் குறைகிறது என்று 1990-களில் பல கட்டுரைகள் வந்தன. நல்ல செய்தியாக இருந்ததால் உலகக் கார்பன் கணக்கிலும் அது இடம் பிடித்தது. 2000-க்குப் பிறகு கசிவை ஒழுங்காகத் திருத்தி அளந்தவர்கள் பார்த்தபோது அந்தக் குறைவு கிட்டத்தட்ட மறைந்துபோனது. முந்தைய கட்டுரைக்காரர்கள் அளந்ததில் பெரும்பகுதி கலத்தின் ரப்பர் விளிம்பு வழியாகக் கசிந்த வாயு.

பகல் சுவாசத்தைப் பற்றி ஒரு வரி. வெளிச்சத்தில் சுவாசம் இருட்டில் இருப்பதைவிடக் குறைகிறது என்பதை பெசல் காக் என்ற ஆய்வாளர் 1940-களின் கடைசியில் பாசிகளில் கண்டார். ஒளிச்சேர்க்கை நடந்துகொண்டிருக்கும்போது அதை நேரடியாக அளக்க முடியாது, சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். முதல் ஆய்வேட்டில் இதற்குள் போகாதீர்கள்.

அடிமரம் வேறொரு உலகம். என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். பட்டையின் மேல் ஒரு வளையத்தை ஒட்டி, மூடி போட்டு, உள்ளே சேரும் கரியமில வாயுவை அளப்பார்கள். நீண்ட காலம், வெளியே வருவதெல்லாம் அந்த இடத்துச் செல்கள் விட்ட மூச்சு என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டெஸ்கியும் அவரோடு வேலை செய்தவர்களும் மரத்துக்குள்ளேயே உணரியை நுழைத்துப் பார்த்தார்கள். வெளிக்காற்றில் 0.04 சதவீதம் இருக்கும் வாயு, மரத்தண்டுக்குள் ஒரு சதவீதத்துக்குக் கீழே தொடங்கி 26 சதவீதம்வரை இருப்பது தெரிந்தது. பட்டை அதை உள்ளே அடைத்து வைக்கிறது. வேர் விட்ட மூச்சு அடிமரச் சாற்றில் கரைந்து, நீரைக் கடத்தும் திசுவான சைலம் வழியே மேலே ஏறுகிறது. சோடாவில் வாயு கரைந்திருப்பது போலத்தான். ஆகவே நெஞ்சுயரத்தில் உங்கள் வளையத்துக்குள் வந்து சேரும் வாயுவில் ஒரு பங்கு, பல மீட்டர் கீழே மண்ணுக்குள் ஒரு வேர் விட்டதாக இருக்கலாம். பாப்லர் தோப்பு ஒன்றில் இப்படி வேரிலிருந்து தண்டுக்குள் ஏறும் அளவு, மண்ணிலிருந்து காற்றுக்கு வரும் அளவுக்கு ஈடாக இருந்ததாக 2009-இல் எழுதினார்கள்.

இதனால் என்ன ஆகிறது பாருங்கள். நண்பகலில் வெயில் ஏறுகிறது, தண்டு சூடாகிறது, சுவாசம் கூட வேண்டும். ஆனால் அதே நேரத்தில் சாறு வேகமாக மேலே ஓடி வாயுவை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. பட்டையில் நீங்கள் பார்ப்பது குறைவு. சாறு ஓட்டத்தைக் கூடவே அளக்காதவர், வெயிலில் மரம் குறைவாகச் சுவாசிக்கிறது என்று எழுதிவிடுவார். அடிமரத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் சாறு ஓட்ட உணரியும், மரத்துக்குள் வைக்கும் வெப்பமானியும் கட்டாயம் வேண்டும். காற்றின் சூடு தடித்த மரத்துக்குள் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும்.

எரியும் சர்க்கரையின் வயதும் வியப்பானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கதிரியக்கக் கார்பனை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. பிறகு அது வருடா வருடம் குறைந்து வந்தது. அதனால் ஒரு மரத்துச் சர்க்கரையை எடுத்து அளந்தால், அது எந்த வருடத்துக் காற்றிலிருந்து செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிச் செம்மேப்பிள் மரங்களின் கட்டையில் இருந்த சேமிப்புச் சர்க்கரைக்குச் சராசரி வயது பத்து வருடம். வறட்சியில் இலை உதிர்த்து நிற்கும் மரம், பத்து வருடத்துக்கு முன்னால் பெய்த நல்ல மழையின் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கக்கூடும். அந்தச் சேமிப்பு எத்தனை வறட்சிக்குத் தாங்கும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு முழு ஆய்வேடு எழுதலாம்.

வேருக்கு வந்தால் வட சுவீடனில் செய்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். பீட்டர் ஹெக்பெரியும் கூட்டாளிகளும் பைன் மரங்களின் பட்டையை வளையமாக உரித்து, இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை போகும் பாதையைத் துண்டித்தார்கள். ஓரிரு மாதத்துக்குள் மண்ணிலிருந்து வரும் கரியமில வாயு 54 சதவீதம்வரை குறைந்தது. மண்ணின் மூச்சு என்று நாம் சொன்னதில் பாதி, மரம் அண்மையில் அனுப்பிய சர்க்கரையால் வந்தது என்பது 2001-இல் இப்படித்தான் உறுதியானது.

"கரியமில வாயு கூடினால் மரத்துக்கு உணவு கூடும், நல்லதுதானே" என்று உங்களிடம் நிச்சயம் யாராவது கேட்பார்கள். சிட்னிக்கு மேற்கே ரிச்மண்டில் ஒரு முதிர்ந்த யூக்கலிப்டஸ் காட்டுக்கு, காற்றில் இருப்பதைவிட பத்து லட்சத்துக்கு 150 பங்கு கூடுதலாக அந்த வாயுவை வருடக்கணக்கில் ஊட்டிப் பார்த்தார்கள். மரங்கள் 12 சதவீதம் அதிகமாகக் கார்பனை எடுத்தன. ஆனால் மரம் பருக்கவில்லை. எடுத்த கூடுதலில் பெரும்பகுதி சுவாசமாகத் திரும்பிப் போனது, கூடுதலில் பாதியளவு மண் வழியாகவே போனது. மண்ணில் பாஸ்பரஸ் குறைவு, கட்டுவதற்குச் செங்கல் இல்லாத இடத்தில் சிமென்ட் மட்டும் கூடுதலாக வந்து இறங்கிய கதை. 2020-இல் வந்த இந்த முடிவைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. மரம் நட்டே புகையை ஈடுகட்டிவிடலாம் என்று போடும் கணக்குகள் எவ்வளவு மெல்லிய தரையில் நிற்கின்றன என்பது அன்று உறைத்தது.

வறட்சியும் நாம் நினைப்பதுபோல நடக்கவில்லை. கிழக்கு அமேசானில் காஷியுவானா என்ற இடத்தில் 2002 முதல் ஒரு ஹெக்டேர் காட்டில் தரைக்குச் சற்று மேலே தகடு வேய்ந்து மழையில் பாதியை மண்ணுக்குப் போகாமல் தடுத்தார்கள். தண்ணீர் இல்லாத மரம் செலவைக் குறைக்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இலைகளின் சுவாசம் கூடியது.

உங்கள் தலைப்பில் நான் எதையாவது அழுத்திச் சொல்வேன் என்றால் இரவைத்தான். பல இடங்களில் பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பம் வேகமாக ஏறுகிறது. இரவில் வரவு கிடையாது, செலவு மட்டும்தான். கோஸ்டாரிகாவின் லா செல்வா காட்டில் டெபோரா கிளார்க், டேவிட் கிளார்க் இருவரும் 1984 முதல் 2000 வரை மரங்களின் வளர்ச்சியை வருடந்தோறும் அளந்தார்கள். இரவுகள் சூடாக இருந்த வருடங்களில் மரங்கள் குறைவாக வளர்ந்தன. நெல்லிலும் இதே போக்கு உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனத்தின் வயல்களில், பருவத்தின் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடியபோது விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததை 2004-இல் வெளியிட்டார்கள். சுவாசம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, பூக்கும் நேரத்துச் சூடும் சேர்ந்திருக்கலாம். வீட்டில் உள்ளவர்களுக்குப் புரிய வைக்க இந்த உதாரணம் போதும் என்று நினைக்கிறேன்.

சேர்வதற்கு முன் நெறியாளரிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். கருவி வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா, அளவைச் சரிபார்க்கும் வாயு சிலிண்டர் வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, வனத்துறை அனுமதி யார் பெயரில், எந்த வருடம்வரை. அனுமதிக்கே ஒரு பருவம் போய்விடலாம். மரங்களை ஏற்கெனவே பல வருடங்களாக அளந்துவரும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். முதுமலையில் 50 ஹெக்டேர் பரப்பில் 1988-இல் தொடங்கிய ஆய்வுத் திடல் இருக்கிறது. அத்தகைய இடத்தில் உங்கள் மூன்று வருட அளவுகளுக்குப் பின்னால் முப்பது வருட வரலாறு நிற்கும். மரமேறத் தெரிந்த உள்ளூர்க்காரரின் கூலியை முதல் வருடத் திட்டச் செலவிலேயே எழுதி வையுங்கள், ஆய்வேட்டில் அவர் பெயரையும் எழுதுங்கள். உச்சி இலை அவர் கையால்தான் உங்களிடம் வரும்.

கருவி கைக்கு வந்ததும் காட்டுக்கு ஓடாதீர்கள். ஒரு இலையைக் கொதிநீரில் போட்டு எடுத்து, துடைத்து, கலத்தில் வைத்து ஒரு இரவு முழுக்க அளந்து பாருங்கள். செத்த இலைக்கு மூச்சு கிடையாது. கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாது. எவ்வளவு காட்டுகிறது, காற்றோட்டத்தை மாற்றினால் எப்படி மாறுகிறது, அறையில் ஆள் இருக்கும்போதும் இல்லாதபோதும் என்ன வித்தியாசம் என்று நோட்டில் எழுதுங்கள். நடுநரம்பு தடித்த இலை ஒன்றும் மெல்லிய இலை ஒன்றும் வைத்து இரண்டு முறை செய்யுங்கள்.